நூற்றுப் பதினெட்டு அட்டைகளும் உங்கள் தங்கையும்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் ஒருவனே இருப்பதால் 'எல்லோரும் நலம்' என்று எழுத வழியில்லை. அங்கு நீங்களும் அக்காவும், பதினோரு நாளாக உங்கள் வீட்டு மாடி அறையில் இருக்கும் என் மனைவியும் குறைவில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அவளுடைய முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று தனியாக ஒரு வரி தெரியப்படுத்தவும். மாடி அறை கொடுத்ததைக் குறை சொல்லவில்லை. படிக்கட்டு பதினேழு என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

நீங்கள் மூன்று முறை போன் செய்து, "என்ன மாப்பிள்ளை, என்னதான் நடந்துச்சு? இவ வாயே திறக்க மாட்டேங்கிறா" என்று கேட்டீர்கள். மூன்று முறையும் நான், "ஒண்ணுமில்ல மச்சான், ஜப்பானிய மொழி படிச்சேன், அதான்" என்றேன். "மொழி படிச்சா யாராவது பொட்டியைத் தூக்கிட்டுக் கிளம்புவாங்களா? ஒழுங்கா விஷயத்தைச் சொல்லுங்க" என்று நீங்கள் கோபப்பட்டது நியாயம்தான். ஆனால் விஷயமே அதுதான். போனில் நீங்கள் பேச ஆரம்பித்தால் எதிராளிக்கு 'ம்' கொட்ட மட்டுமே இடம் இருக்கும். போதாக்குறைக்கு ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிற பழக்கமும் உங்களுக்கு உண்டு. அதனால்தான் உங்கள் ஆபீஸ் முகவரிக்கு எழுதுகிறேன். தனியாக உட்கார்ந்து படிக்கவும். நடுவில் ஓரிடத்தில் உங்களைப் பற்றியும் வருகிறது. அங்கேயே கிழித்துப் போட்டுவிடாமல் கடைசிவரை படிக்க வேண்டும் என்று இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.

நான் முப்பத்தொரு வருஷமாக உதிரிபாக ஸ்டோரில் ஸ்டோர்கீப்பர் என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் தொழிற்சாலைக்கு மூன்று புது பிரஸ் மெஷின்கள் வந்தன. கூடவே அரை ஆள் உயரத்துக்குப் புத்தகங்களும் வந்தன, எல்லாம் ஜப்பானிய மொழியில். ஒரு ஸ்க்ரூ எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடுவதற்கே ஒரு நாள் போய்விட்டது. மேனேஜர் எங்களை வரிசையாக நிற்கவைத்து, "ஸ்டோர்ல ஒருத்தராவது இந்த மொழியைக் கத்துக்கணும். இடைநிலைப் பரீட்சை பாஸ் பண்ணணும். யார் ரெடி?" என்று கேட்டார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். மேல்தட்டில் ஒரு வாஷர் டப்பா சாய்ந்திருந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கூட்டத்தில் தலை நிமிர்ந்திருந்தது நான் ஒருவன்தான். "குட், நீங்களே படிங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஜப்பானிய மொழியில் இதற்கென்றே 'கொத்தோ நி நாத்தா' என்று ஓர் இலக்கண அமைப்பு இருக்கிறது. யார் தீர்மானித்தது என்று சொல்லாமல், தீர்மானமாகிவிட்டது என்று மட்டும் சொல்வதற்கு அது. ஒவ்வோர் அமைப்பையும் ஓர் அட்டையில் எழுதிவைப்பேன், இது என்னுடைய பன்னிரண்டாவது அட்டை. நம் குடும்பத்தில் கல்யாணம் முதல் கதவுக்குப் பெயிண்ட் அடிப்பதுவரை எல்லாமே இப்படித்தான் நடந்து வந்திருக்கிறது என்று அதைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

முதல்நிலை படித்த ஒரு வருஷமும் வீட்டில் எந்தத் தொந்தரவும் இல்லை. அதில் இருப்பதெல்லாம் இது பேனா, அது நாற்காலி, ஸ்டேஷன் எங்கே, நான் ஆப்பிள் சாப்பிடுகிறேன், இவ்வளவுதான். அந்த நிலையில் யாரோடும் சண்டை போட முடியாது, வார்த்தை போதாது. இடைநிலைக்கு வந்தால்தான் மொழிக்குள் குடும்பம் நுழைகிறது. செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்டதற்கு ஓர் அமைப்பு, இவரே இப்படி இருந்துகொண்டு அடுத்தவரைச் சொல்கிறாரே என்பதற்கு ஓர் அமைப்பு, இப்படி நடந்திருக்கக் கூடாது என்று வருந்துவதற்கு ஓர் அமைப்பு, கோபம் இருந்தும் இல்லை என்று சொல்வதற்கு ஓர் அமைப்பு. மொத்தம் நூற்றுப் பதினெட்டு. நான் எண்ணிப் பார்த்துவிட்டேன். அதில் எண்பதுக்குக் குறையாமல் குறைசொல்லத்தான் பயன்படும்.

வகுப்பு சனிக்கிழமை பிற்பகலில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில். ஒன்பது பேர். டீச்சர் ஜப்பானிலேயே ஏழு வருஷம் இருந்து திரும்பியவர். வயது என் பெண்ணைவிட ஒன்றிரண்டு கூடுதலாக இருக்கலாம், கண்டிப்பில் எங்கள் மேனேஜருக்கு அப்பன். அவருடைய சட்டம் ஒன்றுதான். ஒவ்வொரு அமைப்புக்கும் ஐந்து வாக்கியம் சொந்தமாக எழுத வேண்டும், புத்தகத்திலிருந்து எடுக்கக் கூடாது, எழுதியதை எழுந்து நின்று படிக்க வேண்டும். மற்ற எட்டுப் பேரும் மனசுக்கு வந்ததை எழுதினார்கள். கூரியர் ஆபீஸில் வேலை செய்யும் ஒருவர் விமானம் ஓட்டினார். ஒரு கல்லூரி மாணவி ஏரிக்கரையில் வீடு கட்டினாள். நானும் முதல் வாரம், 'மலை ஏறியதால் களைத்துப்போனேன்' என்று எழுதிப் படித்தேன். "நல்லா இருக்கு" என்றார் டீச்சர். எனக்குத்தான் அன்று முழுக்க ஒரு மாதிரியாக இருந்தது. நான் எந்த மலையிலும் ஏறியவன் இல்லை. வராத சரக்கை வந்ததாகக் கையெழுத்துப் போட்டு வாங்கியது போல உறுத்தியது. எங்கள் ஸ்டோரில் ஒவ்வொரு அறைக்கும் ஓர் அட்டை தொங்கும். அட்டையில் பன்னிரண்டு என்று இருந்தால் உள்ளே பன்னிரண்டு இருந்தாக வேண்டும். ஆகவே அடுத்த வாரத்திலிருந்து உண்மையில் நடந்ததை மட்டுமே எழுதுவது என்று முடிவு செய்தேன். அட்டையும் ஸ்டோரில் தொங்குகிற அதே பச்சை அட்டை, மேலே ஓட்டை, அதில் நூல்.

இங்கேதான் சிக்கல். என் வாழ்க்கையில் நடப்பது எங்கே நடக்கிறது? ஸ்டோரில் எட்டு மணி நேரம் போல்ட்டும் நட்டும் வாய் திறப்பதில்லை. பெண் வேலை கிடைத்துப் போன பிறகு வீட்டில் நானும் உங்கள் தங்கையும்தான். நூற்றுப் பதினெட்டை ஐந்தால் பெருக்கிப் பாருங்கள். அத்தனைக்கும் அவள் ஒருத்தியைத் தவிர வேறு யார் கிடைப்பார்கள்?

முதல் இரண்டு மாதம் அவளுக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது. அட்டைகளை நடையில் ஆணி அடித்து வரிசையாக மாட்டியிருந்தேன். 'ப்பனாஷி' என்று ஒன்று. எதையாவது எடுத்தது எடுத்தபடி, திறந்தது திறந்தபடி அப்படியே விட்டுவிட்டுப் போவது. அதற்கு நான் குளியலறைக் குழாய், சமையலறை விளக்கு, அலமாரிக் கதவு என்று அவள் விட்டுவிட்டுப் போன ஐந்தை எழுதி மாட்டினேன். அர்த்தம் என்ன என்று கேட்டாள். சொன்னேன். அன்று சாயங்காலமே என் ஈரத்துண்டை நாற்காலியிலிருந்து இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு வந்து, "இந்தாங்க, உங்க ப்பனாஷி" என்று கையில் கொடுத்தாள். அதற்கப்புறம் அந்த வார்த்தை எங்கள் வீட்டில் தமிழாகவே ஆகிவிட்டது. "ப்பனாஷியை எடுத்து வைங்க", "இன்னைக்கு எத்தனை ப்பனாஷி?" என்று நாள் முழுக்க. அந்த நாட்கள் நன்றாக இருந்தன, மச்சான். அதைச் சொல்லாமல் விட்டால் கணக்கு நேராகாது.

இப்போது உங்கள் விஷயம். நீங்கள் இரண்டு மாதத்துக்கு முன் வந்திருந்தபோது நடையில் நின்று ஓர் அட்டையைக் காட்டி, "இதுல என்ன மாப்பிள்ளை எழுதியிருக்கு?" என்று கேட்டீர்கள். "பழ வகைங்க" என்று சொன்னேன். அது பழம் இல்லை. அது நாற்பத்தேழாவது அட்டை, 'குசே நி'. தன்னிடம் ஒன்று இல்லாமல் இருந்தும் இருப்பது போல நடந்துகொள்கிறவரைச் சொல்வது. அதில் மூன்றாவது வாக்கியம் நீங்கள். 'மச்சானுக்குக் கார் ஓட்டத் தெரியாது. இருந்தும் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு டிரைவருக்கு கியர் மாற்றச் சொல்லிக்கொடுப்பார்.' உங்களைச் சிறுமைப்படுத்த எழுதியதில்லை. அந்த அமைப்புக்கு அதைவிடப் பொருத்தமான சரக்கு என்னிடம் இல்லை, அவ்வளவுதான். டீச்சர் அதற்கு 'மிக நன்று' என்று போட்டிருக்கிறார். மன்னிக்கவும். தொடர்ந்து படிக்கவும்.

போன மாதக் கடைசியில் உங்கள் தங்கையின் முழங்காலுக்குப் பிசியோதெரபி ஆரம்பித்தோம். அங்கே உதவிக்கு இருக்கும் பெண் என் வகுப்பில் படிக்கிறவள் என்பது எனக்குத் தெரியாது. வகுப்பில் நாங்கள் எல்லோரும் ஜப்பானிய மொழியில்தான் பேச வேண்டும், அதனால் யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று சரியாகப் புரிந்ததே இல்லை. அந்தப் பெண் இவள் முழங்காலில் சூடு கொடுக்கும் பட்டையைக் கட்டி, இருபது நிமிஷம் அசையக் கூடாது என்று சொல்லி, மெஷினை ஓடவிட்டுவிட்டு முகவரிச் சீட்டில் என் பெயரைப் பார்த்திருக்கிறாள். "அய்யோ, ஸ்டோர் சார் வீட்டு ஆன்ட்டியா நீங்க? எங்க கிளாஸ்ல உங்களைத் தெரியாதவங்களே கிடையாது!" என்று கையைப் பிடித்துக்கொண்டாளாம். இவளும் சிரித்துக்கொண்டே, "என்னை எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டிருக்கிறாள். அந்தப் பெண் நல்ல பெண், மச்சான். கள்ளம் கபடம் தெரியாது. ஞாபகசக்தி மட்டும் கொஞ்சம் அதிகம். சட்டை எரிந்தது, அலாரம் அணைந்தது, பஸ் போனது, வீட்டில் நான் இருக்கும்போதே நான் இல்லை என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னது என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிட்டாள். "எங்க டீச்சரே சொல்வாங்க ஆன்ட்டி, புக்ல இருக்கிறது மறந்துபோகுது, நீங்க பண்றதுதான் மனசுல நிக்குதுன்னு" என்று வேறு சொல்லியிருக்கிறாள். எழுந்து வர வழியில்லை. காலில் பட்டை. இருபது நிமிஷமும் கேட்டு முடித்துவிட்டுத்தான் இறங்கினாள்.

வீட்டுக்கு வந்து கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. காய்கறியையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்து, "எல்லா அட்டையையும் எடுத்துட்டு வாங்க. தமிழ்ல படிங்க" என்றாள். இரண்டு சாயங்காலம் படித்தேன். சில இடங்களில், "இது எப்போ நடந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள். ப்பனாஷிக்குச் சிரித்தாள். உங்கள் குசே நிக்குக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "எங்க அண்ணன் அப்படியேதான்" என்றாள். எனக்கு உயிர் வந்தது. இப்படியே கரை சேர்ந்துவிடலாம் என்று நினைத்தேன்.

பிறகு 'ஸேய்தெ' வந்தது. ஒருவரால் கெட்டது நடந்தால், இன்னாரால்தான் இப்படி ஆயிற்று என்று சொல்வது. ஐந்து வாக்கியம். ஐந்திலும் அவள். அவள் அலாரத்தை அணைத்ததால் வேலைக்குத் தாமதம். அவள் என் பழைய ஷூவைத் தூக்கிப் போட்டதால் புது ஷூ காலைக் கடித்தது. அவள் நான் வீட்டில் இல்லை என்று சொன்னதால் குடியிருப்போர் சங்கக் கூட்டம் தவறியது. அவள் மருந்துக்கடையில் பேச்சை நிறுத்தாததால் பஸ் போனது. அவள் இஸ்திரிப் பெட்டியை மறந்ததால் நீலச் சட்டை எரிந்தது. "சரி, அடுத்தது" என்றாள். அடுத்தது அதன் ஜோடி, 'ஒகாகெதெ'. ஒருவரால் நல்லது நடந்தால், இன்னார் புண்ணியத்தில் இது நடந்தது என்று சொல்வது. அதிலும் ஐந்து. ஃபோர்க்லிப்ட் டிரைவர் கை கொடுத்ததால் கனமான பெட்டி இறங்கியது. வாட்ச்மேன் கதவைத் திறந்து வைத்திருந்ததால் மழையில் நனையவில்லை. லிப்ட் மெக்கானிக் சீக்கிரம் வந்ததால் நாலு மாடி ஏறாமல் தப்பித்தேன். மருந்துக்கடைக்காரர் பார்த்துச் சொன்னதால் ஒத்துக்கொள்ளாத மாத்திரையை விழுங்காமல் பிழைத்தேன். மச்சான் குடையை மறந்துவிட்டுப் போனதால் ஒரு வாரம் குடையோடு வேலைக்குப் போனேன். படித்து முடித்தேன்.

"அஞ்சுதானா?" என்றாள்.

"அஞ்சுதான்."

"திருப்பிப் படிங்க."

திருப்பிப் படித்தேன்.

"பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கா?"

திருப்பிப் பார்த்தேன். டீக் கறை இருந்தது. அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "எங்க அண்ணன் மறந்துட்டுப் போன குடைகூட இருக்கு" என்று மட்டும் சொன்னாள். மச்சான், அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். முப்பத்தொரு வருஷம் சரக்கு பார்த்த கண்ணுக்கு எதிரில் இருப்பது தெரியவில்லை.

மறுநாள் காலையில் பழுப்புப் பெட்டி கூடத்தில் நின்றது. "கொஞ்ச நாள் அண்ணன் வீட்ல இருந்துட்டு வரேன்" என்றாள். "கோபமா?" என்று கேட்டேன். "கோபம்னு இல்ல" என்றாள். இந்த இடத்தில் ஒரு மனிதன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இது வாகெ தெவா நாய், இருந்தும் இல்லைன்னு சொல்றது. அறுபத்து மூணாவது அட்டை" என்றேன். அவள் பெட்டியைத் தூக்கினாள். டாக்ஸிவரை பின்னாலேயே போய் விளக்கம் சொன்னேன். எங்கள் ஸ்டோரில் எல்லாவற்றுக்கும் அட்டை உண்டு, ஆனால் அன்றாடம் எடுத்துக் கொடுக்கிற சோப்பு, குடிதண்ணீர், மெஷின் துடைக்கிற காட்டன் வேஸ்ட் இவற்றுக்கு மட்டும் கிடையாது. அவை இல்லாமல் ஒரு மெஷின் ஓடாது, ஆனாலும் யாரும் எழுதிவைப்பதில்லை. இதைத்தான் அவளுக்குப் புரியவைக்கப் பார்த்தேன். "உன்னை நான் காட்டன் வேஸ்ட் மாதிரி நினைச்சுட்டேன்" என்றேன். டாக்ஸி டிரைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியிருக்கும் என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. கதவை அவரே சாத்தினார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் இரண்டு நாள் எனக்குக் கோபம்தான், ஒளிக்கவில்லை. மூன்றாம் நாள் அலாரம் அடித்து, எழுந்து, வேலைக்குப் போனேன். சூப்பர்வைசர், "உடம்பு தேவலையா சார்? போன தடவை மாதிரி ஜுரம்னா ஒரு மணி நேரம் லேட்டாவே வாங்க, வீட்ல போன் பண்ணிச் சொல்லிட்டாப் போதும்" என்றார். "எந்தத் தடவை?" என்று கேட்டேன். நான் தாமதமாகப் போன அந்த நாள் காலையில் உங்கள் தங்கை அவருக்குப் போன் செய்து, ஜுரமாக இருக்கிறார், இப்போதுதான் கண் அசந்தார், ஒரு மணி நேரம் தூங்கட்டும் என்று கேட்டு அனுமதி வாங்கியிருக்கிறாள். அதற்குப் பிறகுதான் அலாரத்தை அணைத்திருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. அன்று ஏன் யாருமே என்னை ஏனென்று கேட்கவில்லை என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் புரிந்தது. அப்படியானால் ஸேய்தெ அட்டையின் முதல் வாக்கியம் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. சரக்கு அறை மாறிக் கிடக்கிறது.

ஒன்று மாறிக் கிடந்தால் எல்லாவற்றையும் இறக்கிச் சரிபார்ப்பது எங்கள் முறை. சரிபார்த்தேன். ஷூ: அடிப்பக்கம் மழமழவென்று தேய்ந்துபோய், எண்ணெய்த் தரையில் நான் வழுக்கி விழப் பார்த்ததை ஃபோர்க்லிப்ட் டிரைவரிடம் ஒருநாள் போனில் சொல்லியிருந்தேன், அதைப் பக்கத்து அறையிலிருந்து கேட்டுவிட்டு மறுநாள் தூக்கிப் போட்டிருக்கிறாள். சங்கக் கூட்டம்: பக்கத்து வீட்டுக்காரரையே போய்க் கேட்டேன். "அன்னைக்கு நீங்க மட்டும் வந்திருந்தா செயலாளர் பதவியை உங்க தலையில கட்டியிருப்போம் சார், நூலிழையில தப்பிச்சீங்க" என்றார். இப்போது அந்தப் பதவியில் இருக்கிறவரை நீங்கள் பார்க்க வேண்டும். தண்ணீர்த் தொட்டிச் சாவி இடுப்பில் தொங்க, ஆளே பாதியாகிவிட்டார். பஸ்: மருந்துக்கடைக்குப் போனேன். ஒகாகெதெயில் நான் எழுதி வைத்திருந்த அதே மருந்துக்கடைக்காரர். நன்றி சொன்னேன். "நான் எங்க சார் கண்டுபிடிச்சேன்? உங்க வீட்டம்மாதான் ரெண்டு டாக்டர் எழுதின சீட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, இதையும் அதையும் சேர்த்துச் சாப்பிடலாமான்னு அரை மணி நேரம் விடாமக் கேட்டாங்க. நீங்க வெளியே நின்னு பஸ் போச்சு பஸ் போச்சுன்னு கத்திட்டு இருந்தீங்க" என்றார். கடையில் நாலு பேர் இருந்தார்கள். மாத்திரை வாங்காமலே திரும்பிவிட்டேன்.

நீலச் சட்டை மட்டும் உண்மையாகவே எரிந்ததுதான். எவ்வளவு விசாரித்தும் அதில் நல்லது எதுவும் அகப்படவில்லை. அது ஸேய்தெயிலேயே இருக்கிறது. உண்மை என்று ஒன்று உண்டல்லவா. ஆனால் ஒகாகெதெவுக்குப் புது அட்டை போட்டு, அதுவும் நிரம்பி, இரண்டாவது அட்டை எழுதி, இன்றைக்கு ஒன்பதாவது அட்டை ஓடுகிறது. நாற்பத்து மூன்று வாக்கியங்கள், எல்லாவற்றிலும் அவள். என் மூக்குக்கண்ணாடி ஏன் ஒருநாளும் அழுக்காக இருந்ததில்லை, பெண் ஏன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எனக்குப் போன் செய்கிறாள், என் டிபன் பாக்ஸ் மூடி எப்படி இறுகாமலேயே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பிடிபடுகிறது. இதெல்லாம் தானாக நடக்கிறது என்று நினைத்திருந்தேன். பதினோரு நாளாக எதுவும் தானாக நடக்கவில்லை. வீடு அமைதியாக இருக்கிறது. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை, மச்சான். அவள் இல்லாமல் எனக்கு முடியவில்லை.

ஆகவே நான் எடுத்திருக்கும் முடிவுகளை உங்கள் முன் வைக்கிறேன். ஒரு வார்த்தை அவளிடம் எடுத்துச் சொல்லுங்கள். இனி வகுப்புக்குப் போவதில்லை. டீச்சரிடம் சொல்லியாயிற்று. அடுத்த மாதப் பரீட்சையும் எழுதுவதில்லை. மேனேஜர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும். வேறு யாராவது தலையை நிமிர்த்தட்டும். நூற்றுப் பதினெட்டு அட்டைகளையும் கயிறு போட்டுக் கட்டிப் பரண்மேல் ஏற்றிவிட்டேன். வீட்டில் நடக்கிற ஒரு சொல்லும் இனி எந்த மொழியிலும் வாசல் தாண்டாது. அவள் பெயரைச் சொல்லி வெளியாள் முன்னால் ஒரு வாக்கியம், நல்லதோ கெட்டதோ, என் வாயிலிருந்து வராது. இது சத்தியம். நீங்கள் மூத்தவர், நீங்கள் சொன்னால் கேட்பாள். வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் அவளை அனுப்பி வையுங்கள். நீங்களே கூட்டிக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது. காரில் வந்தால் டிரைவருக்கு எவ்வளவு வேண்டுமானாலும் வழி சொல்லுங்கள்; நான் எங்கும் எழுத மாட்டேன்.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். பிள்ளைகள் நோய்நொடியின்றி நன்றாகப் படித்து முன்னுக்கு வர வேண்டும். எந்த மொழியை வேண்டுமானாலும் படிக்கட்டும், முதல்நிலையோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லவும். உங்களுடைய ரத்த அழுத்தம் நான் எழுதிய நாற்பத்தேழாவது அட்டையால் ஏறாமல் இருக்கட்டும்.

என்றும் உங்கள் பணிவுள்ள,
மாப்பிள்ளை

பின்குறிப்பு: இதை எழுதி முடித்து, மேஜைமேல் வைத்துவிட்டு ஸ்டாம்ப் வாங்கக் கீழே இறங்கினேன். கால் மணி நேரத்தில் திரும்பினால் கதவு திறந்திருக்கிறது, கூடத்தில் பழுப்புப் பெட்டி நிற்கிறது, உங்கள் தங்கை நின்றபடியே கடிதத்தின் கடைசிப் பக்கத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படித்துக்கொண்டிருக்கிறாள். பதினேழு படிக்கட்டு ஏறி இறங்க முடியவில்லை, அதனால் வந்துவிட்டேன் என்றாள். நீங்களே பஸ் ஏற்றி விட்டீர்களாம். எனக்கு ஒரு போன் செய்திருக்கலாம். ஒன்பது அட்டைகளையும் கேட்டு வாங்கி, ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லச் சொன்னாள். நாற்பத்து மூன்றையும் சொன்னேன். பிறகு, "இதையெல்லாம் கிளாஸ்ல படிச்சீங்களா?" என்று கேட்டாள். "இல்லவே இல்ல. இனிமே அந்தப் பக்கமே போகமாட்டேன், சத்தியம் பண்ணி எழுதியிருக்கேனே" என்றேன். "ஏன் போகமாட்டீங்க? சட்டை எரிஞ்சதை ஒம்போது பேர் முன்னாடி எழுந்து நின்னு படிச்சீங்க இல்ல? அதே ஒம்போது பேர் முன்னாடி இதையும் படிங்க. சனிக்கிழமை நானும் வரேன். பின்னாடி ஒரு பெஞ்ச் இருக்கும்ல?" என்றாள்.

ஆகையால் மேலே வகுப்பு, பரீட்சை, பரண், சத்தியம் பற்றி எழுதியவை எதுவும் செல்லாது. அவளை நீங்கள் அனுப்ப வேண்டியதில்லை. மாடி அறை ஜன்னல் விளிம்பில் அவளுடைய படிக்கிற கண்ணாடியை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். அதை மட்டும் சனிக்கிழமைக்குள் கிடைக்கும்படி கூரியரில் அனுப்பவும். நான் படிக்கப் படிக்க, கையில் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் அடிக்கப் போகிறாளாம். நாற்பத்து மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் நடுவிலேயே எழுந்து நின்று கேட்பாளாம்.